அறுபது நாள் சாலை

சபரிமலை சீசனில் கம்பம் பள்ளத்தாக்கு எப்படி மாறுகிறது? அந்தச் சாலையின் ஓரத்தில் வாழ்கிறவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?

மார்கழி. விடிவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. கம்பத்தில், கம்பம்மெட்டுக்கு ஏறுகிற மெட்டு ரோடு பிரிகிற இடத்தில் முப்பது நாற்பது பெண்கள் நிற்கிறார்கள். தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, கையில் தூக்குவாளி, கக்கத்தில் மடித்த கொங்காணி. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். தோட்டம் மேலே இடுக்கி மாவட்டத்து மலையில், வீடு இந்தப் பக்கம் பள்ளத்தாக்கில். தினமும் ஏறி தினமும் இறங்குகிற பிழைப்பு.

அவர்களுடைய ஜீப் வந்து கால் மணி நேரம் ஆகிறது. மலைச்சாலையில் நுழைய இடம் கிடைக்கவில்லை. தேனிப் பக்கமிருந்து வேன், கார், பெரிய பஸ், மறுபடி வேன் என்று விளக்குகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. முகப்பில் சாமந்தி மாலை, கண்ணாடியில் ஐயப்பன் படம், உள்ளே கறுப்பும் நீலமும் காவியும். ஒரு வேனுக்குள்ளிருந்து சரண கோஷம் எழுகிறது. காத்து நிற்கிற பெண்களில் இரண்டு மூன்று பேர் தங்களையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். போட்ட கை இறங்குவதற்குள் ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம் மணி கேட்கிறாள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் என் அத்தை. இருபத்திரண்டு வருடமாக இதே முனையில் நின்று ஜீப் ஏறுகிறவர்.

“அவுக சாமி சாமின்னு கூப்பிடுறாக. நானுந்தான் சாமி, கொஞ்சம் வழிய விடு சாமின்னு கூப்பிடுறேன். யாருக்குக் கேக்குது மருமகனே?”

அத்தை இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவர் பக்தி உள்ளவர். கார்த்திகை பிறந்தால் வீட்டில் கவிச்சி கிடையாது. ஆனால் நேரம் கடந்து தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அன்றைய கூலி அரைக்கூலிதான். பக்தியும் கூலியும் ஒரே முனையில் ஒரே நேரத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்துவருகிறேன். இந்தக் கட்டுரை அந்த முனையில் நின்று எழுதப்படுகிறது.

ஒரே பாதை, இரண்டு கூட்டம்

கார்த்திகை முதல் நாளில், அதாவது நவம்பர் 16 அல்லது 17-ல், சபரிமலையில் மண்டல காலம் தொடங்குகிறது. 41 நாள் கழித்து மண்டல பூஜை. சில நாள் நடை சாத்தி, டிசம்பர் 30-ல் மறுபடி திறக்கிறார்கள். ஜனவரி 14-ஐ ஒட்டி மகரவிளக்கு. 20-ஆம் தேதியோடு நடை அடைப்பு. நடுவில் உள்ள மூன்று நாளைக் கழித்தால் ஏறக்குறைய அறுபது நாள். எங்கள் பக்கத்தில் இதற்கு ‘சீசன்’ என்று ஒரே சொல்தான். ‘சீசனுக்கு முன்னாடி வீட்டு வேலைய முடிச்சிரணும்’, ‘சீசன் முடியட்டும், பொண்ணு பாக்கப் போவோம்’ என்று காலத்தை அளப்பதே அதை வைத்துத்தான்.

சென்னை, திருச்சி, மதுரை, சேலம் தொடங்கி ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் வரைக்கும் வருகிற பக்தர்களில் பெரும் பகுதிக்கு வழி இந்தப் பள்ளத்தாக்குதான். தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், குமுளி. ஒரு பக்கம் மேகமலை, எதிர்ப்பக்கம் கேரளத்து எல்லை மலை, நடுவே முல்லைப் பெரியாறு. ஆற்றை ஒட்டி நெல், மேட்டில் திராட்சையும் தென்னையும் வாழையும். இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு நெடுஞ்சாலை.

கூட்டம் அதிகமாகிற நாட்களில் போலீஸ் ஒருவழிப் பாதை அமல்படுத்துகிறது. மலைக்குப் போகிற வண்டிகள் கம்பத்தில் திரும்பிக் கம்பம்மெட்டு, கட்டப்பனை, குட்டிக்கானம் வழியாக ஏற வேண்டும். தரிசனம் முடித்துத் திரும்புகிறவர்கள் குமுளி வழியாக இறங்க வேண்டும். இரண்டுமே குறுகலான மலைச்சாலைகள் என்பதால் இது நல்ல ஏற்பாடு, உயிர் காக்கிற ஏற்பாடு. சந்தேகமே இல்லை. ஆனால் காலையில் ஏலத்தோட்ட ஜீப்புகள் ஏறுவதும் அதே கம்பம்மெட்டில்தான். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் அவை இறங்கும்போது, ஏறிவருகிற வேன் வரிசைக்கு எதிராக ஒவ்வொரு வளைவிலும் ஒதுங்கி நின்று நின்றுதான் இறங்க வேண்டும். ஏழு மணிக்கு வீட்டில் உலை வைக்க வேண்டியவர் எட்டரைக்கு வந்து சேர்கிறார்.

■ பெட்டிச் செய்தி: பாதையின் கணக்கு

திண்டுக்கல்லில் தொடங்கி தேனி, கம்பம், குமுளி, கோட்டயம் வழியாகக் கொல்லம் போகிற சாலைக்கு தேசிய நெடுஞ்சாலை 183 என்று பெயர்.

தேனியிலிருந்து குமுளி சுமார் 60 கி.மீ. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை மலைப்பாதை. அது வனத்தின் ஊடே போகிறது. குமுளியிலிருந்து பம்பைக்கு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் பரப்பு 14,707 ஏக்கர். இரண்டாம் போகத்து நாற்றும் டிராக்டரும் சாலையைக் கடக்கிற பருவமும் சபரிமலை சீசனும் ஒன்றோடொன்று வந்து விழுகின்றன.

சபரிமலையில் இணையப் பதிவு மூலம் ஒரு நாளைக்கு அனுமதிக்கப்பட்டவர்கள் 2024-ஆம் ஆண்டு சீசனில் 70,000 பேர். நேரடிப் பதிவு தனி.

வீட்டுக்குள் வருகிற 48 நாள்

வெளியூர்ப் பத்திரிகைகள் சீசனை எழுதும்போது வண்டி நெரிசலை எழுதும். வருமானத்தை எழுதும். எங்கள் ஊர்ப் பெண்களிடம் ‘சீசன் நல்லதா கெட்டதா’ என்று கேட்டுப் பாருங்கள். பலர் முதலில் சொல்வது இவை இரண்டையும் அல்ல. வீட்டுக்காரர் மாலை போட்டதைத்தான் சொல்வார்கள்.

மாலை போட்டவன் குடிக்க மாட்டான். அடிக்க மாட்டான். கெட்ட வார்த்தை பேச மாட்டான். விடியற்காலையில் எழுந்து குளிப்பான். மனைவியையே ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும். எங்கள் பக்கக் கணக்கில் ஒரு மண்டலம், 48 நாள். எங்கள் தெருவில் ஒரு வீடு உண்டு. வருடம் முழுக்க ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அங்கே சத்தம் கேட்கும். கார்த்திகையில் மட்டும் அந்த வீட்டிலிருந்து பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம் வரும். அந்த வீட்டு மதினி ஒருமுறை என் அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “மாலையக் கழட்டுற அன்னைக்கு எனக்கு வயித்தக் கலக்கும்க்கா. இன்னொரு மண்டலம் போடுங்கன்னு கேக்க முடியுமா?”

இதைவிடப் பெரிய சமூகத் தாக்கம் ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு பழக்கத்தை நிறுத்த ஒரு ஆணுக்குத் தெருவே துணை நிற்கிறது. டீக்கடையில் அவனுக்குத் தனி டம்ளர் எடுத்து வைக்கிறார்கள். கூட்டாளி கூப்பிட்டால் ‘சாமி மாலை போட்டிருக்கு’ என்று பக்கத்தில் இருக்கிறவனே தடுக்கிறான். தை பிறந்து மாலை இறங்கியதும் அந்தத் துணை கலைந்துபோகிறது. கலையாமல் இருக்க வழி உண்டா என்று எந்தக் குருசாமியும் எந்த மருத்துவமனையும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்ததாக நான் பார்க்கவில்லை. 48 நாள் குடிக்காமல் இருந்த உடம்பு அது. 49-ஆம் நாள் காலையில் அவனிடம் பேச ஒரு ஆள் இருந்தால் எத்தனை வீடுகளுக்கு விடியும்!

‘சாமி’ என்ற விளிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டம் சாதிப் பகையால் எரிந்த நாட்களைப் பார்த்தது. 1989-ல் போடியில் நடந்த சாதிக் கலவரத்தை மறந்தவர்கள் இங்கே யாரும் இல்லை. அப்படிப்பட்ட மண்ணில், வயதும் சாதியும் கேட்காமல் யாரையும் யாரும் ‘வாங்க சாமி’ என்று கூப்பிடுகிற இரண்டு மாதம் சாதாரணமானதல்ல. அதற்காக எல்லாம் மாறிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். தெருவுக்கு ஒரு குருசாமி, தெருவுக்கு ஒரு குழு, தெருவுக்கு ஒரு வேன். தெருக்கள் எதை வைத்துப் பிரிந்திருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அன்னதானப் பந்தியில் இலைக்கு இலை யார் என்று கேட்பதில்லை. எருமேலியில் வாவர் பள்ளிவாசலைச் சுற்றிவந்து மலையேறுவது வழக்கம் என்பதால், உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் இஸ்லாமியர் கடை வாசலில் பக்தர்கள் உட்கார்ந்து இளைப்பாறுவது இங்கே யாருக்கும் ஒரு செய்தியே இல்லை.

திராட்சைக் கூடையும் புறவழிச்சாலையும்

சீசன் சோறு போடுகிறது என்பது உண்மை. யாருக்குப் போடுகிறது என்று பார்க்க வேண்டும்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுக்க அறுவடை நடக்கும் திராட்சை இது. ஆனால் குளிரும் மழையும் சேர்ந்த மாதங்களில் வெளியூர்ச் சந்தை மந்தமாகும். அந்த நேரத்தில் சாலையோரம் கூடை வைத்து விற்கிறவருக்குப் பக்தர்கள்தான் சந்தை. மலையிலிருந்து இறங்கிவரும் வண்டி கூடலூர் தாண்டி நிற்கும். ஆளுக்கு இரண்டு கிலோ வாங்குவார்கள். கூடைக்காரப் பெண்களில் பலருக்குத் தெலுங்கில் நூறு வரைக்கும் எண்ணத் தெரியும். பள்ளிக்கூடம் போய்க் கற்றதில்லை, அறுபது அறுபது நாளாகக் கற்றது. தோட்டக்காரருக்கு இதில் பெரிய லாபம் இல்லை, அவர் வியாபாரிக்கு மொத்தமாகத்தான் கொடுக்கிறார். கூடைக்காரருக்கோ இந்த இரண்டு மாதத்து வரவு பிள்ளைக்குக் காலேஜ் கட்டணம்.

டீக்கடை, பஞ்சர் கடை, துளசிமணி மாலையும் கறுப்பு வேட்டியும் விற்கிற கடை, இருமுடிக்குத் தேங்காயும் நெய்யும் கொடுக்கிற மளிகைக் கடை என எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம். கறிக்கடைக்காரருக்கு மட்டும் இது வறண்ட காலம். என் ஒன்றுவிட்ட சித்தப்பா கோழிக்கடை வைத்திருக்கிறார். கார்த்திகை பிறந்தால் கடையின் பாதி இடத்தில் காய்கறி அடுக்கிவிடுவார். ‘நானும் மாலை போட்டுட்டேன், கடையும் மாலை போட்டிருச்சு’ என்பார்.

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பகுதிகளில் புறவழிச்சாலை வந்தபிறகு கணக்கு மாறியது. ஊருக்குள் வாழ்கிறவர்களுக்கு நிம்மதி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அரையாண்டுத் தேர்வு நாளில் சாலையைக் கடக்கப் பயப்பட வேண்டியதில்லை. தாத்தாமார் வாசலில் உட்கார முடிகிறது. ஆனால் பழைய சாலையில் இருந்த இட்லிக்கடைகள் பலவற்றுக்குச் சீசன் என்பதே இல்லாமல் போயிற்று. வண்டிகள் ஊரைத் தொடாமலே போகின்றன. இடம் வாங்கிப் பெரிதாகக் கட்ட வசதி உள்ளவர்கள் புறவழிச்சாலைக்குப் போய்விட்டார்கள். நெரிசலும் வருமானமும் ஒரே வண்டியில்தான் வந்துகொண்டிருந்தன. வண்டி தடம் மாறியபோது இரண்டும் சேர்ந்தே மாறிவிட்டன.

■ பெட்டிச் செய்தி: சாலை வெறிச்சோடிய ஆண்டுகள்

2011 டிசம்பர்: தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே முல்லைப்பெரியாறு அணைப் பிரச்சினை வெடித்தது. பள்ளத்தாக்கு மக்கள் பல்லாயிரக்கணக்கில் எல்லையை நோக்கி நடந்தார்கள். எல்லை வழிகள் அடைபட்டன. ஐயப்ப பக்தர்கள் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருப்பிவிடப்பட்டார்கள். ஏலத்தோட்டத் தொழிலாளர்களும் வேலையை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கிவந்தார்கள். அந்த மாதம் கம்பத்தில் சரண கோஷமும் இல்லை, ஜீப் சத்தமும் இல்லை.

2018: ஆகஸ்டில் கேரளப் பெருவெள்ளம். செப்டம்பர் 28-ல், எல்லா வயதுப் பெண்களும் மலைக்குப் போகலாம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதையொட்டிய பதற்றம். கூட்டம் குறைந்தது.

2020: கொரோனா. தொடக்கத்தில் வார நாட்களில் 1,000 பேர், வார இறுதியில் 2,000 பேருக்கு மட்டுமே தரிசன அனுமதி. அந்த அமைதியை முதல் வாரம் எல்லோரும் கொண்டாடினார்கள். மூன்றாவது வாரம் ‘ஒரு வேன்கூட வரலையே’ என்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

வேலியோரத்துக் கதை

என் அம்மா கார்த்திகை முதல் தேதி ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மைக் கழுவி, வாசல் வேப்பமரத்தடியில் வைப்பார். துளசி கிள்ளிப் போட்ட தண்ணீர். சங்கிலியில் கட்டிய இரண்டு எவர்சில்வர் டம்ளர். மதுரை, சிவகங்கைப் பக்கமிருந்து பாதயாத்திரை போகிறவர்கள் ராத்திரியில் நடப்பார்கள். பாதம் வெடித்து, காலில் துணி சுற்றி, முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டி வருவார்கள். அவர்களுக்காகத்தான் அந்த டிரம். ஒரு நாளைக்கு மூன்று முறை நிரப்ப வேண்டும். இதைச் செய்யச் சொல்லி எந்த அரசாணையும் வந்ததில்லை.

அதே அம்மா, அதே வீட்டின் பின்பக்கத் தோட்டத்துக்கு முள்வேலி போட்டதும் சீசனால்தான். விடிகாலையில் வேன் நிற்கும். இருபது பேர் இறங்குவார்கள். எங்கே போவார்கள்? சுற்றிப் பார்த்தால் தென்னந்தோப்பு, வாய்க்கால், ஆற்றங்கரை. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தவர்கள். பெண் குழந்தைகளும் வயதான அம்மாக்களும் உடன் வருகிறார்கள். அவர்கள் படுகிற பாடு இன்னும் மோசம். சில வீட்டுக்காரர்கள் சொந்தக் கழிப்பறையையே கட்டணத்துக்குத் திறந்துவிட்டு வாசலில் சாக்கட்டியால் எழுதிய பலகையை வைக்கிறார்கள். இதில் உதவியும் இருக்கிறது, சம்பாத்தியமும் இருக்கிறது. இரண்டுக்கும் மேலே, தங்கள் தோப்பைக் காப்பாற்றிக்கொள்கிற தவிப்பும் இருக்கிறது.

ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வீரபாண்டியிலும் சுருளி அருவியிலும் குளித்துவிட்டுப் போவது பக்தர்களின் வழக்கம். முல்லைப் பெரியாற்றில்தான் எங்கள் ஊர்களின் குடிநீர்த் திட்டங்கள் நிற்கின்றன. சீசனில் படித்துறையில் சோப்பு உறையும் ஷாம்பு பாக்கெட்டும் நனைந்த துண்டும் ஒதுங்கிக் கிடக்கும். கேரளத்தில் பம்பையில் துணி வீசுவதற்கு உயர் நீதிமன்றமே தடை போட்டது. பம்பைக்குக் காட்டுகிற கவலையில் கால்வாசியாவது, வழியில் குளிக்கிற ஆறுகளுக்கும் கிடைத்தால் என்ன? பம்பையில் புண்ணியம் தேடிப் போகிறவரின் பயணத்தில் முல்லையாறும் சேர்த்திதானே.

இரைச்சல் பாலத்தில் ஒரு இரவு

2022 டிசம்பர் 23, இரவு. தரிசனம் முடித்துத் திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்களின் வண்டி, குமுளி மலைச்சாலையில் இரைச்சல் பாலம் அருகே தடுப்பில் மோதிப் பள்ளத்தில் விழுந்தது. மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ராட்சதக் குழாய்களுக்குப் பக்கம். 8 பேர் இறந்தார்கள். எங்கள் மாவட்டத்துக்காரர்களே. அந்த வளைவைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள்.

சாலைக்குப் பழகியவர்களையே விழுங்குகிற மலை அது. முந்நூறு நானூறு கிலோமீட்டர் ஓட்டிவந்து, பம்பையில் வண்டியை நிறுத்தி, தூங்காமல் திரும்புகிற சமவெளி டிரைவருக்கு எப்படி இருக்கும்? வடகிழக்குப் பருவமழையில் மண் சரிகிறது, மரம் விழுகிறது, பனி இறங்கினால் பத்தடிக்கு மேல் தெரியாது. விபத்தில் அடிபட்டவரைப் பெரிய சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். லோயர் கேம்ப்பிலிருந்து பள்ளத்தாக்கின் முழு நீளத்தையும் கடந்தாக வேண்டும். அதே சாலை, அதே நெரிசல். இது பக்தர்களுக்கு மட்டுமான அபாயம் அல்ல. சீசன் இரவில் கூடலூரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தாலும், சுருளிப்பட்டியில் ஒருவரைப் பாம்பு கடித்தாலும் ஆம்புலன்ஸ் இந்த விளக்கு வரிசையைத்தான் கிழித்துக்கொண்டு போக வேண்டும்.

எங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு முட்டல், ஜனவரி 15. மகரவிளக்கு பார்த்தவர்கள் மறுநாள் குமுளி வழியாக இறங்குவார்கள். அன்றைக்குத்தான் முல்லைப்பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக்கின் பிறந்தநாள். 1841-ல் பிறந்தவர். 2013-ல் திறந்த மணிமண்டபம் லோயர் கேம்ப்பில்தான் இருக்கிறது. பள்ளத்தாக்கு விவசாயிகள் குடும்பத்தோடு போய்ப் பொங்கல் வைக்கிற நாள். மேலிருந்து இறங்குகிற நன்றியும் கீழிருந்து ஏறுகிற நன்றியும் லோயர் கேம்ப்பில் சந்தித்துக்கொள்கின்றன. பல வருடம் பொங்கப்பானையோடு நாங்கள் ஒரு கிலோமீட்டருக்கு முன்னாலேயே இறங்கி நடந்திருக்கிறோம். யாரும் முணுமுணுத்ததில்லை. சொந்த விழாவுக்காக ஒருவர் நடப்பதும், அடுத்தவர் விழாவுக்காக நடக்க வேண்டியிருப்பதும் ஒன்றில்லை என்பதை அங்கேதான் நான் உணர்ந்தேன்.

ஓடுகிறவருக்கு ஒரு நாள், ஊருக்கு ஒவ்வொரு வருடமும்

வருடாவருடம் ஒரு கூட்டம் ஒரு ஊரின் வழியே கடந்துபோவது எங்களுக்கு மட்டும் வாய்த்ததல்ல. பெரிய நகரங்களில் நடக்கிற மாரத்தான் ஓட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1897 முதல் நடக்கிற பாஸ்டன் மாரத்தான், 1924-லிருந்து ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. ஊரின் மொத்த மக்கள்தொகை இருபதாயிரத்துக்குள். ஓடவருகிறவர்கள் சுமார் 30,000 பேர். ஊர் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசி முடித்த பிறகுதான் அங்கே ஓட்டம். தென்னாப்பிரிக்காவில் 1921-ல் தொடங்கிய காம்ரேட்ஸ் ஓட்டம் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஒரு வருடம் மலையேறும், மறுவருடம் மலையிறங்கும். வழியோர மக்கள் தண்ணீரும் உணவும் வைத்துக்கொண்டு நிற்பார்கள், என் அம்மாவின் டிரம் மாதிரி.

இப்படிப்பட்ட ஊர்களில் ஆய்வாளர்கள் வீடுவீடாகப் போய்க் கேட்கிற கேள்விகள் எளிமையானவை. இந்த ஓட்டத்தால் உங்களுக்குப் பெருமை வருகிறதா? அக்கம்பக்கத்தோடு நெருக்கம் கூடுகிறதா? நெரிசல், சத்தம், குப்பை எவ்வளவு தொந்தரவு? வருமானம் யாருக்குப் போகிறது? ஏற்பாடு செய்யும்போது உங்களைக் கேட்டார்களா?

சபரிமலை சீசனுக்கு முன்னால் இரு மாநில அதிகாரிகளும் கூடிப் பேசுகிறார்கள். ஒருவழிப் பாதை, வாகன நிறுத்தம், சிறப்புப் பேருந்து, வனத்துறை, மருத்துவ முகாம் என்று திட்டம் தயாராகிறது. அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கொட்டும் பனியில் ராத்திரி முழுக்க மெட்டு முனையில் நிற்கிற போலீஸ்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் வீடு இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டம் முழுக்கவும் கடந்துபோகிறவர்களை வைத்தே தயாராகிறது. சாலையில் வாழ்கிறவர்கள் அதில் இடைஞ்சலாக வருகிறார்களே தவிர, கேட்கப்பட வேண்டியவர்களாக வருவதில்லை. மேலே சொன்ன ஐந்து கேள்விகளில் ஒன்றைக்கூட என் அத்தையிடம் யாரும் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் அவர் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். காலையில் ஐந்திலிருந்து ஏழு வரைக்கும் தோட்ட ஜீப்புக்கு மெட்டு ரோட்டில் முதல் வழி கொடுங்கள் என்று சொல்லியிருப்பார். அந்த இரண்டு மணி நேரம் பக்தர்கள் வண்டி கம்பத்தில் ஓரங்கட்டி நின்றால், டிரைவருக்குத் தூக்கம், சாமிகளுக்குக் குளியல், டீக்கடைக்கு வியாபாரம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில், தண்ணீரும் விளக்கும் உள்ள, பெண்கள் பயமில்லாமல் போகிற கழிப்பறை வேண்டும் என்று என் அம்மா சொல்லியிருப்பார். சீசன் இரவுகளில் கம்பத்திலேயே எலும்பு முறிவுக்கும் தலைக்காயத்துக்கும் மருத்துவர் வேண்டும் என்று இரைச்சல் பாலத்தில் உறவைப் பறிகொடுத்தவர்கள் சொல்லியிருப்பார்கள். ரயிலைப் பற்றி எல்லோருமே சொல்லியிருப்பார்கள். மதுரையிலிருந்து தேனிக்கு 2022-ல் அகலப்பாதை ரயில் வந்தது. 2023-ல் போடி வரைக்கும் போயிற்று. திண்டுக்கல்லிலிருந்து குமுளிப் பக்கம் வரைக்கும் ரயில் வேண்டும் என்ற கோரிக்கைக்கு வயது பல பத்தாண்டு. அது வந்தால் சாலையில் இறங்குகிற வண்டி எத்தனை குறையும்!

இவற்றில் எதுவும் பக்தருக்கு எதிரானதில்லை. ஏனென்றால் இங்கே பக்தர் ஒரு பக்கம், ஊர்க்காரர் இன்னொரு பக்கம் என்ற பிரிவே கிடையாது. நெரிசலில் நிற்கிற ஜீப்பின் டிரைவர் மாலை போட்டிருக்கிறார். வழிவிடாத வேனில் இருப்பவர் சின்னமனூர்க்காரர். போன மார்கழியில் அது என் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

அத்தை கட்டிய இருமுடி

அத்தைக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. ‘அம்பது தாண்டுன அன்னைக்கே போயிருக்கணும், ஜீப்பு விடல’ என்பார். போன வருடம் மாலை போட்டார். ஏலத்தோட்டத்தில் பழம் எடுத்து எடுத்து நகக்கண் கறுத்த விரல்களால் துளசிமணி மாலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். விரத நாளிலும் வேலைக்குப் போனார். ஜீப்பில் உடன்வந்த பெண்கள் அவரை ‘சாமி’ என்று கூப்பிட்டு முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக முன்சீட்டு.

மார்கழி பத்தாம் தேதியை ஒட்டி ஒரு அதிகாலையில் எங்கள் தெரு வேன் கிளம்பியது. அத்தை இருமுடியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்தார். நான் பின் இருக்கையில். சரணம் சொல்லிக்கொண்டே வந்த வேன் மெட்டு ரோடு முனையில் ஊர ஆரம்பித்தது. அதே இடம். அதே மங்கலான தெருவிளக்கு. தலையில் துண்டோடு முப்பது நாற்பது பேர். ஓரத்தில் ஒரு ஜீப், நுழைய இடம் பார்த்து, முன்சக்கரத்தைத் திருப்பியபடி.

அத்தை கண்ணாடியைத் தள்ளித் திறந்தார். குளிர்க்காற்று உள்ளே வந்தது. வெளியே நின்றவர்களில் ஒருத்தி அடையாளம் கண்டு, “ஏய், நம்ம சாமிடீ” என்று கத்தினாள். எல்லோரும் கையசைத்தார்கள். அத்தை கையசைக்கவில்லை. முன்பக்கம் திரும்பினார்.

“டிரைவர் சாமி, கொஞ்சம் நிப்பாட்டுங்க. அந்த ஜீப்ப மொதல்ல விடுங்க.”

பின்னால் ஹாரன் அலறியது. எங்கள் வேன் நின்றது. ஜீப் முன்னால் ஏறி, முதல் வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் அத்தை அதன் பின்விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.